ஐந்து கோடு

எடை மெஷினில் அவள் ஏறி நின்றதும் கணவர்தான் முதலில் குனிந்து பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ரத்தம் சுத்தம் செய்துகொண்டு போனபோது நாற்பத்தாறு. இன்று வெள்ளி. நாற்பத்தொன்பது.

மூன்று கிலோ. மூன்றும் தண்ணீர்.

"திருடிக் குடிக்கா சிஸ்டர்," என்றார், டயாலிசிஸ் வார்டு முழுக்கக் கேட்க.

அவள் இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

திருடியது உண்மைதான். குளிக்கும்போது வாளியிலிருந்து, சோப்பு நுரையை ஒதுக்கிவிட்டு, இரண்டு கை. அப்புறம் எண்ணவில்லை.

நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். சிறுநீரகம் போன வயதானவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதுகிறார்களாம். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டாள். பதில் எல்லாம் அவரிடமிருந்து வந்தது. கடைசியில், இப்போதைய வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள் என்றாள்.

ஒன்பது என்றார் அவர். திருட்டுக்கு ஒரு மார்க் பிடித்துக்கொண்டாராம். நர்ஸும் சிரித்துக்கொண்டே ஒன்பது போட்டாள்.

ஊசி குத்திய கையை அசைக்காமல் நாலு மணி நேரம் கிடந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

வீட்டில் அவளுக்கென்று ஒரு பாட்டில். நாளுக்கு அரை லிட்டர். காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள் அடக்கம். சிவப்பு மையால் ஐந்து கோடு போட்டு வைத்திருக்கிறார். முப்பது வருஷம் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்த கை. ஒரு சொட்டு கூட விழாது என்று அப்போதே பெயர்.

"மத்தியானம் ரசம் குடிச்சேல்ல," என்பார்.

ஒரு கோட்டளவு தண்ணீர் பாட்டிலிலிருந்து பானைக்குத் திரும்பிப் போகும்.

இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று தெருவே சொல்கிறது. மகன் போனில் சொல்கிறான். டாக்டரும் சொல்லிவிட்டார்.

தண்ணீரைக் குறைத்தால்தான் உயிர் நிற்கும் என்று அவளுக்கும் தெரியும். தாகமா இருக்கா என்று அவர் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

வீடு வந்து சேர்ந்தபோது நல்ல வெயில். காலையில் ஆக்கி வைத்துவிட்டுப் போனதை அவருக்குத் தட்டில் எடுத்துப் போட்டாள். ரசத்தை இரண்டு தடவை கையில் வாங்கிக் குடித்துவிட்டு, அவர் ஃபேனுக்கடியில் நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்தா, தண்ணி கொண்டா."

நாற்பத்தேழு வருஷமாக அதே குரல்.

அவள் எழுந்தாள்.

பானையில் சொம்பை முக்கித் தளும்பத் தளும்ப எடுத்தாள். குளிர்ச்சி விரலுக்குள் ஏறியது.

பிறகு தன் பாட்டிலை எடுத்து, பானையிலிருந்து முதல் கோடு வரைக்கும் ஊற்றினாள். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அவர் பார்க்கிற மாதிரியே.

இரண்டையும் கொண்டுவந்தாள். பாட்டிலை அவரிடம் நீட்டினாள்.

"மத்தியானம் ரசம் குடிச்சீகள்ல."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொம்புக்குக் கையை நீட்டினார்.

அவள் சிரிக்கவில்லை.

நீட்டிய கை அப்படியே நின்றது.

அவருடைய தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது.

அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.