பத்து நிமிடக் கெடு

திரை உறைந்து நின்றது.

அவர் விசையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். எழுத்து ஏறவில்லை.

கொல்லிமலை இன்டர்நெட் லைன் போய்விட்டது.

மலைமேல் இருக்கும் ரூட்டருக்கு இரண்டே கட்டளை வரிகள். புதிய பாதையைத் திறக்கும் வரி முதலில், பழையதை மூடும் வரி பிறகு. அவசரத்தில் முன்பின்னாகத் தட்டிவிட்டார். சென்னையில் இருந்தபடியே, உட்கார்ந்திருந்த கிளையை வெட்டிவிட்டார்.

மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனை. மிளகு பறிக்க ஏறி விழுந்த ஒருவர் அங்கே படுத்திருக்கிறார். அவருடைய கழுத்து எக்ஸ்ரே சேலத்து டாக்டருக்குப் போக வேண்டும். ஆளைத் தூக்கலாமா, மலைப்பாதையின் எழுபது வளைவும் இறக்கலாமா என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். படம் பாதியில் திணறுகிறது என்றுதான் இவரைக் கூப்பிட்டார்கள்.

இப்போது அந்தப் பாதிக்கும் வழியில்லை.

லேண்ட்லைனில் நர்ஸைப் பிடித்து, ரூட்டரை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்.

"அந்த ரூம் சாவி ஆபீஸ்காரருகிட்ட இருக்கு சார். அவரு சந்தைக்குப் போயிட்டாரு."

போனை வைத்தார். சட்டை முதுகில் ஒட்டியது.

இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. தொலைவில் இருக்கும் கருவியைத் தொடுமுன் அதற்குக் கெடு வைப்பார்கள். பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழு. எழும்போது, புதிதாகத் தட்டியதை எல்லாம் மறந்து பழையபடி இருக்கும். வேலை ஒழுங்காக முடிந்தால் கெடுவை நீக்கிவிடலாம்.

அவர் வைப்பதில்லை. பதினைந்து வருட அனுபவம். நீச்சல் தெரிந்தவனுக்கு எதற்குச் சுரைக்குடுக்கை என்பார். எல்லோரும் சிரிப்பார்கள்.

கண்காணிப்புத் திரைக்கு முன்னால் அமலி. சேர்ந்து இரண்டு வருடம். கருவிக்கு ஒன்றாக நானூறு பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. யார் எந்தக் கருவிக்குள் போனாலும் முதலில் அவளிடம் சொல்ல வேண்டும். அவரும் சொல்வார், போகிற போக்கில், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒரு புள்ளி மட்டும் சிவந்திருந்தது.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேலதிகாரியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"உக்காருங்க சார். இன்னும் நாலு நிமிஷம்."

அமலி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. உட்கார்ந்தார்.

நாலு நிமிடம் இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

புள்ளி பச்சையானது.

இம்முறை ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துத் தட்டினார். படம் முழுதாகப் போயிற்று. சேலத்திலிருந்து உடனே பதில் வந்தது. அசைக்காதீர்கள், கழுத்துக்குப் பட்டை போடுங்கள், நான் சொல்லும்வரை இறக்க வேண்டாம்.

அமலி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

அவர் பழைய பதிவுகளைத் திறந்தார். இந்த இரண்டு வருடத்தில் அவர் உள்ளே போன கருவிகள், தேதிவாரியாக. முப்பத்தொன்று.

ஒவ்வொரு முறையும் அவர் பெயருக்கு மேலே ஒரு வரி. கெடு வைத்தது: அமலி.

கீழே ஒரு வரி. கெடு நீக்கியது: அமலி.

இன்று முதல்முறை போனதற்கு மட்டும் கீழ் வரி இல்லை.

ஒருநாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லையே இந்தப் பெண்.

மாலையில் ஏற்காட்டு ரூட்டரில் ஒரு சின்ன வேலை. அவர் எழுந்து அவளுடைய மேஜைவரை நடந்தார்.

"உள்ள போகலாமா அமலி?" என்று கேட்டார்.