இடப்பக்க வாசல்

புதிய நடைமேடையில் பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. மதியம்தான் திறந்தார்கள். மஞ்சள் கோட்டின் மேல் அந்தி வெளிச்சம் மெல்ல வற்றிக்கொண்டிருக்க, அவள் கணவனுக்காக நிற்கிறாள். கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே ஒரு தகரக் கூரையும் ஒரே ஒரு நடைமேடையும்தான். பிறகு மேம்பாலம் வந்தது, டிக்கெட் எந்திரம் வந்தது, இப்போது இது. இருட்டத் தொடங்கினால் அவனுக்குக் கண் மங்கிவிடும். ஆபீசில் தெரிந்தால் வேலைக்கே உலை. அதனால் மனப்பாடமாக வீடு திரும்புகிறான்: இடப்பக்க வாசல், விளக்குக் கம்பம், படி. கூட்டிப்போக வந்தால், "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று எரிந்து விழுவான். ரயில் இனி புதுத் தடத்தில் வரும், மேடை வலப்பக்கம் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவள் கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை. ரயில் வந்து நிற்கிறது. எல்லோரும் அவள் பக்கம் இறங்குகிறார்கள். பெட்டிக்குள், எதிர் வாசலில், அவன் முதுகு மட்டும் தெரிகிறது. ஒரு கால் அந்தரத்தில் தரையைத் தேடுகிறது. "என்னங்க!" நாலைந்து ஆண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், அவன் திரும்பவில்லை. "இறங்காதீங்க! அங்க தண்டவாளம்!" யாரோ அவன் பையைப் பிடித்து இழுக்கிறார். "யோவ், கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?" "பழக்க தோஷம் சார்," என்று சிரிக்கிறான். சிரித்தபடியே இந்தப் பக்கம் இறங்கி, அவள் கையைத் தடவிப் பிடித்துக்கொள்கிறான். ரயில் போன பிறகும் விடவில்லை. ஏன் வந்தாய் என்று கத்துவான் என்று அவள் காத்திருக்கிறாள். "படி எந்தப் பக்கம்?" என்கிறான்.