அட்லஸ் சிங்கத்தின் பலூன்

"கார் பிரேக் அடிச்சா, உள்ளே இருக்கிற ஹீலியம் பலூன் பின்னாடிதான் போகும்!" ஹாஜர் போனில் படபடவென்று தட்டி அனுப்பினாள்.

‘அட்லஸ் சிங்கம்’ என்ற பெயரில் எவனோ ஒருவன் வாரக்கணக்கில் இணையத்தில் வம்பிழுத்துக்கொண்டிருந்தான். நேற்று வந்த அவன் பதில்: ‘நாம முன்னாடி சாயலையா? பலூனும் அப்படித்தான். போடி!’

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாச்சு. போனை வெச்சிட்டு டீயைக் கொண்டு வாடி!" என்று உம்மா பல்லைக் கடித்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சிங்கத்திடமிருந்து செய்தி வந்தது. ‘பொண்ணு பார்க்க வர்ற வழியில கார்லயே பலூன் வெச்சுப் பார்த்துட்டேன். பின்னாடிதான் போகுது. நீ ஜெயிச்சுட்டே!’

ஹாஜர் புதினாத் தேநீரோடு கூடத்துக்குப் பறந்தாள். மாப்பிள்ளை வீட்டுச் சீராக வந்திருந்த, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி ஒன்றின் தலையில் சிவப்புப் பலூன் ஆடிக்கொண்டிருந்தது. அவனேதான்!

மாப்பிள்ளை அனஸிடம் குனிந்து, "என்ன சிங்கம், தோத்துட்டீங்களா?" என்றாள் குதூகலமாக.

அனஸ் திருதிருவென்று விழித்தான்.

"எந்தச் சிங்கம்? நானே நொந்துபோய் வந்திருக்கேங்க. பலூனைப் புடிச்சுக்கிட்டு, ‘பிரேக் அடி, பிரேக் அடி’ன்னு வழி பூரா எங்க உம்மா உயிரை எடுத்துட்டாங்க!"