அல்ஜியர்ஸ் பாங்கு

"நோன்பை முறிச்சிட்டா! என் கண்ணால பார்த்தேன்!"

ஹுவாரிய்யா போட்ட சத்தத்தில் வஸீலாவின் கையிலிருந்த தம்ளர் ஆடியது. மாத்திரை அதற்குள் தொண்டையைத் தாண்டிவிட்டது.

"பாங்கு சொல்லிட்டாங்களே, அக்கா..."

"டி.வி.யில சொல்றது அல்ஜியர்ஸ் பாங்குடி! நம்ம ஓரானுக்கு இன்னும் கால் மணி கிடக்கு. இந்த ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

வஸீலாவுக்கு முகம் வெளுத்துப்போனது. அவள் பிறந்து வளர்ந்த பிலிதா அல்ஜியர்ஸுக்குப் பக்கம்; அங்கே அந்த டி.வி. பாங்கு கேட்டதும் நோன்பு திறந்துவிடுவார்கள். ஓரானுக்கு மருமகளாக வந்து நாலு மாசம்தான் ஆகிறது. பதினொரு நோன்பு ஒழுங்காகத்தான் இருந்தாள். இன்றைக்குக் கொஞ்சம் கண் அசந்துவிட்டது. பாங்கு காதில் விழுந்ததும் கை தானாக அங்கிப் பைக்குள் போய்விட்டது.

"வெறும் தண்ணி இல்ல மாமி," மூத்த மருமகள் ஹுவாரிய்யா விடுவதாயில்லை. "வாயில ஏதோ போட்டா. வெள்ளையா, குட்டியா."

மாமியார் கைரா கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் வந்து நின்றாள். வஸீலாவைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது.

"ஊருக்குப் புதுசு, ஏமாந்துட்டா. பெருநாள் கழிச்சு ஒரு நோன்பு திருப்பிப் பிடிச்சா தீர்ந்தது. முதல்ல அந்த டி.வி.யை அணைங்க."

"வெள்ளையா என்னவோ..."

"பல்லு விழுந்திருக்கும். போய் ரொட்டியை எடுத்து வைடி."

வஸீலா மேஜைக் கோடியில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலி காலி. கணவன் மிலூத் பாலைவனத்து எண்ணெய்க் கிணற்றில் இருக்கிறான். நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவான். போன் செய்தால் அவன் குரலைவிடக் காற்றின் இரைச்சல்தான் அதிகம் கேட்கும். கேட்டாலும் இதை அவனிடம் சொல்ல முடியுமா?

பிறவியிலேயே தைராய்டு சரியாகச் சுரக்காத உடம்பு. பெற்றவர்கள் இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். ரத்தத்தோடு வந்த கோளாறு. பிறந்த இருபதாம் நாளிலிருந்து தினமும் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், அப்புறம் அரை மணி நேரத்துக்கு எதுவும் தொடக் கூடாது. கல்யாண அமளியில் விட்டுவிட்டுப் போட்டதற்கே கால் சில்லிட்டு, குரல் தடித்து, பட்டப்பகலில் தூங்கி விழுந்தாள். "உயிர் இருக்கிறவரைக்கும் இதை விடக் கூடாது" என்று டாக்டர் திட்டினார்.

"ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். இப்பச் சொன்னா மறுநாளே பெட்டியோட அனுப்பிடுவாங்க" என்று அம்மா வாயைக் கட்டி அனுப்பியிருந்தாள்.

ஏழு ஐந்துக்குப் பள்ளிவாசலில் ஓரான் பாங்கு ஒலித்தது.

எல்லாரும் பேரீச்சம்பழத்தையும் பாலையும் எடுத்தார்கள். வஸீலாவும் ஒரு பழத்தை எடுத்தாள். வாய்வரை கொண்டுபோய், வழக்கம்போல் யாரும் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டாள். பால் தம்ளரில் உதட்டை மட்டும் நனைத்தாள்.

தொழுது வந்த மூத்த மகன் பூஅலாம் மேஜையைத் தட்டினான். "ஹரீரா எங்கம்மா? முப்பது வருஷமா கிண்டுறீங்க, இந்த வருஷம்தான் தினம் அரை மணி லேட்டு. இப்படியே போனா கடைசி நோன்புக்கு விடியக்காலை ஸஹர்லதான் சூப்பு வரும்!"

"மாமிக்கு வயசாயிடுச்சு," என்றாள் ஹுவாரிய்யா. "அடுப்பை என்கிட்ட விடச் சொன்னா கேக்கறாங்களா?"

சிரித்தார்கள். வஸீலாவும் சிரித்து வைத்தாள். மாமியின் கை தாமதம்தான் இத்தனை நாள் தன்னைக் காப்பாற்றுகிறது என்று அவளுக்கு மட்டும் தெரியும். எப்படியோ தன் அதிர்ஷ்டம்.

பேச்சு அடங்கும் முன்பே ஹரீரா வந்துவிட்டது. ஆவி பறக்க, கொத்துமல்லி மணத்தோடு.

"அட, இன்னைக்குக் கால் மணியிலயே வெந்துடுச்சே!" என்றான் பூஅலாம்.

வஸீலா கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது.

மாத்திரை போட்டுச் சரியாக அரை மணி.

கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

"மாமி..."

"உன் துணியைத் துவைக்கிறது யாரு?" கைரா திரும்பாமலே கேட்டாள். "மூணாம் நோன்பன்னைக்கே பையில மூணு பேரீச்சம்பழம் ஒட்டிக் கிடந்துச்சு. அடியில மாத்திரை அட்டை. மருந்துக் கடைக்காரன்கிட்டக் காட்டினேன், விவரம் சொன்னான். நாளைக்காவது ஓரான் பாங்குக்குப் போடு. ரெண்டு ஊர் நேரம் பார்த்து அடுப்பைத் தணிச்சு வைக்க என்னால ஆகாது."

"மறைச்சது தப்புதான், மாமி. என்னை அனுப்பிடுவீங்களா?"

கைரா கரண்டியைக் கழுவினாள். கழுவினதையே மறுபடியும் கழுவினாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. ராபிஹா. இதே நோய். அப்பல்லாம் பச்சைப்பிள்ளைக்குக் குதிகால்ல ரத்தம் எடுத்துப் பார்க்கிறது ஏது, மாத்திரை ஏது. முப்பது வயசுலயும் ஏழு வயசுப் பிள்ளை உசரம்தான், அந்தப் பேச்சுதான். விருந்தாளி வந்தா உள் அறையில விட்டுப் பூட்டிடுவோம். சாவி என் இடுப்புல இருக்கும். உள்ளேருந்து கதவைத் தட்டிக்கிட்டே இருப்பா."

கூடத்தில் கிண்ணங்கள் கலகலத்தன.

"உன்னைப் பொண்ணு கேட்டு வந்தன்னைக்கு, 'உங்க ரத்தத்துல பரம்பரை நோய் நொடி ஏதாவது உண்டா'ன்னு உங்கப்பா கேட்டாரு."

"நீங்க?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதுன்னு சொன்னேன்."