மிதியில் இருக்கும் கால்

மாலை வெயில் தையல் மெஷின்மேல் சாய்ந்து கிடக்கிறது. மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்து பிழைத்த தையல்காரர், தலை தப்பியது தம்பிரான் புண்ணியமென்று எட்டு மாதமாகச் சொல்லிவருகிறார். இப்போது சட்டைக்கையின் ஓரம் தாண்டித் தையல் ஓட, துணியை விட்டுக் கைகளை விரிக்கிறார். "காலை எடுத்துட்டேன், பாழாப்போன மோட்டார் நிக்கமாட்டேங்குது." பித்தான் தைத்துக்கொண்டிருக்கும் மனைவி அலுப்போடு குனிகிறாள். அவருடைய வலது கால் மிதியை அழுத்தியபடியே இருக்கிறது. பழைய ரத்தம் தண்டுவடத்தில் தங்கி, பின்னாளில் கால்களை மரத்துப்போக வைக்கலாமென்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவு வருகிறது. இரு கைகளாலும் அந்தக் காலைத் தூக்குகிறாள். மோட்டார் அடங்குகிறது. அவருடைய கால்விரல்களை இறுகப் பற்றியபடி அவள் தரையிலேயே உட்கார்ந்திருக்க, மேலே அவர் குரல் கேட்கிறது: "பாத்தியா, திட்டினதும் தானா நின்னுடுச்சு. கீழ இன்னும் என்ன தேடுற?"