இரண்டு நிமிடம்

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கிருஷ்ணராஜ் ஆசை ஆசையாய்ப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். கோவில்பட்டி மெக்கானிக் யோகராஜ் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னான்:

“ராசா மாதிரி இன்ஜின், அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு நிமிசம் அப்படியே நிக்கட்டும். ஆயில் ஏறினப்புறம் எடுங்க.”

தினமும் வாசலில் அப்படித்தான் செய்தார். சரியாக இரண்டாவது நிமிடம், ஆளில்லாத பக்கத்து சீட்டுக்கு பெல்ட் போடச் சொல்லிக் கார் கத்தும்.

“அது சென்சார் கோளாறு. பெல்ட்ட மாட்டிவிடுங்க, கத்தாது” என்றான் யோகராஜ்.

அன்றிலிருந்து தினமும் கார் கத்தியதும் வெறும் சீட்டுக்கு மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. ஆனாலும் கழுகுமலை ஆபீஸ் போய்ச் சேரும்வரை இடப்பக்கம் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பத்து இருபத்தெட்டு. பத்தரைக்கு ராகுகாலம், அதில் அவர் வாசல் தாண்டியதே இல்லை. ஸ்டார்ட் செய்த கையோடு வண்டியை எடுத்துவிட்டார். பக்கத்து பெல்ட்டை மாட்டாமலே, ஊர் தாண்டிக் கரிசல் காடு வந்தும் கார் கத்தவில்லை. முதல் தடவையாக நிம்மதியாக ஓட்டினார்.

மனைவி முத்துசெல்வி போன் பண்ணினாள்.

“என்னங்க, அவியள விட்டுட்டுப் போயிட்டீங்களே?”

“யாரட்டி?”

“தெனமும் ஒங்க பக்கத்து சீட்ல ஏறிப் போறவியதான். வாசல்லயே நின்னாவ, பாவமா இருந்துச்சு. உள்ள கூப்பிட்டுக் காப்பி குடுத்தேன். இனிமே இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லுதாவ.”