இப்போதைய சம்பளம்

விண்ணப்பப் பாரத்தில் 'இப்போதைய மாதச் சம்பளம்' என்ற இடத்தில் கமலநாதன் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அபிராமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். மலேசியாவின் கிள்ளானில் அந்த செக்யூரிட்டி கம்பெனிக்கு ஆள் எடுப்பவள் அவள்தான்.

"தொள்ளாயிரம் வெள்ளியா? தப்பா எழுதிட்டீங்களா அங்கிள்?"

"சரியாத்தாம்மா எழுதியிருக்கேன். சில மாசம் அதுவும் வராது."

ஐம்பத்தெட்டு வயது. சாப்பாட்டுக் கடையில் சூடான கல்லில் ரொட்டி சானாய் போட்டுப் போட்டு முழங்கை வரைக்கும் சூட்டுத் தழும்பு. நாற்காலியில் உட்கார்ந்ததே பெரிய சுகமாக இருந்தது அவருக்கு. எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

"ஆயிரத்து எழுநூறு கொடுக்கணும்னு சட்டமே இருக்கு. சின்னக் கடைக்கும் உண்டு லா. மத்தவங்களுக்கும் இதே கதிதானா?"

"இல்லம்மா, மூணு பேருக்கும் ஆயிரத்து எழுநூறு சரியா போயிடுது. அதுல ஒரு ஆளு லோகேஸ்வரி, இப்பத்தான் மகளுக்கு டியூஷன் வச்சிருக்கு." அதைச் சொல்லும்போது மட்டும் முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஒரு ஆளை நிறுத்தினா எனக்கும் முழுசா கிடைக்கும். அதுக்கு மனசு கேக்கல."

"உங்க முதலாளிக்கு நல்ல மனசு லா. உங்க வயித்துல அடிச்சுத்தான் தர்மம் பண்ணணுமா?"

கமலநாதன் மெல்லக் கேட்டார். "நைட் ஷிப்ட் மட்டும் கொடும்மா. பகல்ல கடையை விட முடியாது."

"அப்புறம் எப்ப தூங்குவீங்க?"

"மத்தியானக் கூட்டம் போனதும் ஒரு மணி நேரம் கண்ணசருவேன்."

"அதுக்கு உங்க முதலாளி விடுவாரா?"

"விடுவாரு."

அபிராமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அப்பாவும் இப்படித்தான் யாரோ ஒருவருடைய கடையில் வாய் திறக்காமலே தேய்ந்து போனார். பாரத்தில் சரசரவென்று கையெழுத்துப் போட்டாள்.

"நாளைக்கே வேலைக்கு வாங்க. ஆயிரத்து எழுநூறு, ஒரு காசு குறையாது. ஆனா அந்த மனுசனைச் சும்மா விடக் கூடாது. பேரைச் சொல்லுங்க அங்கிள், இப்பவே லேபர் ஆபீசுக்குப் போன் அடிக்கறேன்."

கமலநாதனுக்குக் கூச்சமாகிவிட்டது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல நா எழவில்லை. பாரத்தை அவள் பக்கம் திருப்பி, தன் பெயர் இருந்த முதல் வரியில் விரலை வைத்தார்.

"அந்த முதலாளி நான்தாம்மா."